கரட்டுமேட்டுச் சங்கு

வேடம்பாளையம் என்ற ஊர் வளர்ந்துகொண்டே இருந்தது. பேரூராட்சியாக இருந்து நகராட்சியாகி, நகராட்சியாக இருந்து மாநகராட்சியாகி, வருடத்துக்கு ஒரு தெரு என்றிருந்தது மாதத்துக்கு ஒரு தெரு என்றாகி, தெருக்களில் வீடுகள் வந்து, வீடுகளில் பிள்ளைகள் பிறந்து, அந்தப் பிள்ளைகள் ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும் படித்து, சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு வந்து வாசலில் நின்றபோதுதான், இத்தனை பேரும் வேலை செய்ய எங்கே இடம் என்று ஊர் யோசித்தது.

இப்படி யோசிப்பதற்கென்றே ஓர் அலுவலகம் உண்டு. நகரமைப்பு அலுவலகம் என்று பெயர். இருபது வருடம் கழித்து ஊர் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று மதிப்பிட்டு, வீட்டுக்கு இவ்வளவு நிலம், கடைக்கு இவ்வளவு, பூங்காவுக்கு இவ்வளவு, தொழிலுக்கு இவ்வளவு என்று பிரித்து, வரைபடத்தில் வீட்டுக்கு மஞ்சளும் பூங்காவுக்குப் பச்சையும் தொழிலுக்கு ஊதாவும் தீட்டி வைப்பார்கள். அப்படி ஊதா தீட்டப்பட்ட இடம்தான் கரட்டுமேடு. ஊருக்குக் கிழக்கே, தார்ச்சாலையை ஒட்டி, சீமைக்கருவேல முள்ளும் சுண்ணாம்புக் கல்லும் தவிர வேறெதுவும் இல்லாத நானூற்று முப்பத்திரண்டு ஏக்கர்.

அந்த அலுவலகத்தில் அட்டவணைகள் தயாரிப்பது ஜெபக்கனியின் பொறுப்பு. நாகர்கோவில் பக்கத்துக்காரி, வேலைக்கென்று இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. ஏக்கருக்கு இருபது பேர் வேலை செய்வார்கள் என்பது அலுவலகத்தில் வெகுகாலமாக இருக்கும் வழக்கம். ஆகவே நானூற்று முப்பத்திரண்டை இருபதால் பெருக்கி, எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது என்று அவள் எழுதினாள். பெருக்கியது சரி. எழுதிய இடம்தான் தவறு. அட்டவணை பதினான்கில் இரண்டு பத்திகள் உண்டு. முதல் பத்தி, இப்போது எத்தனை பேர் அங்கே வேலை செய்கிறார்கள் என்பதற்கு. இரண்டாம் பத்தி, இனிமேல் எத்தனை பேர் வேலை செய்யப் போகிறார்கள் என்பதற்கு. கரட்டுமேட்டுக்கு முதல் பத்தியில் பூஜ்யமும் இரண்டாம் பத்தியில் எட்டாயிரத்து அறுநூற்று நாற்பதும் வந்திருக்க வேண்டும். அவள் இடம் மாற்றிப் போட்டுவிட்டாள். அவளுக்குப் பிறகு மூன்று பேர் அந்தத் தாளைச் சரிபார்த்தார்கள். ஆனால் அந்த அலுவலகத்தில் சரிபார்ப்பது என்றால் கடைசியில் இருக்கும் கூட்டுத்தொகையைப் பார்ப்பதுதான். பூஜ்யத்தை இந்தப் பக்கம் கூட்டினாலும் அந்தப் பக்கம் கூட்டினாலும் கூட்டுத்தொகை ஒன்றே என்பதால், மூன்று பேரும் டிக் போட்டார்கள், துணை இயக்குநர் கையெழுத்துப் போட்டார், அரசிதழில் அச்சானது, கரட்டுமேட்டில் இரண்டு இரும்புக் கம்பங்களை நட்டு அவற்றின் மேல் தொழில் மண்டலம் என்று பலகை மாட்டினார்கள்.

பலகை மாட்டிய மறுநாள் காலை எட்டு மணிக்குக் கரட்டுமேட்டிலிருந்து சங்கு ஊதியது.

அந்தப் பக்கத்து ஊர்களில் மில் சங்கைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் எல்லோரும். அதனால் அது என்ன சத்தம் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. சங்கு ஊத ஒரு மில் வேண்டுமே என்பது மட்டும்தான் கொஞ்சம் இடித்தது. முதலில் கேட்டவர் அந்தச் சாலையில் மினி பஸ் ஓட்டும் நாச்சிமுத்து. அன்றைக்கு அவருடைய மகள் பிரதீபா ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தாள். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவள். இரண்டு வருடமாக வேலை தேடி அப்பாவின் பஸ்ஸில் காலையில் ஏறி, அதே பஸ்ஸில் சாயங்காலம் திரும்பி வருபவள். ஊரில் இருந்த பட்டறைகளில் எல்லாம் கேட்டாயிற்று. பொம்பளைப் பிள்ளைக்கு இங்கே இடமில்லை என்றார்கள், அல்லது இடமே இல்லை என்றார்கள்.

"அப்பா, நிறுத்துங்க. கூப்பிடறாங்க."

"யாரு கூப்பிடறது? அங்க முள்ளுதான அம்மிணி இருக்குது."

"சங்கு ஊதுதில்லீங்கப்பா. ஆள் வேணுமின்னுதான ஊதுவாங்க."

நாச்சிமுத்து பிரேக்கை மிதித்தார். பிற்பாடு, எத்தனையோ நாள், அந்த வலது காலை அவர் குனிந்து பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது உண்டு. பிரதீபா இறங்கினாள், அவளைப் பார்த்து இன்னும் பதினோரு பேர் இறங்கினார்கள், பன்னிரண்டு பேரும் இரண்டு கம்பங்களுக்கும் நடுவே நடந்து மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போனார்கள். சுற்றிலும் வேலி கிடையாது, சுவர் கிடையாது, எங்கே வேண்டுமானாலும் நுழையலாம். இருந்தாலும் வேலைக்குப் போகிறவர்கள் வாசல் வழியாகத்தான் போக வேண்டும் என்று யாரும் சொல்லாமலேயே அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சங்கு அன்றைக்கு மத்தியானம் பன்னிரண்டரை வரைக்கும் நிற்கவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரு சின்ன ஊதல் கேட்டது. பன்னிரண்டு பேரும் மேட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். கால்கள் துவண்டிருந்தன, நகக்கண்களில் கிரீஸ் இருந்தது, இரண்டு பேருக்கு முன்னங்கையில் வெல்டிங் பொறி பட்ட புள்ளிகள் இருந்தன. பிரதீபா வீட்டுக்கு வந்து மண்ணெண்ணெய் கேட்டு வாங்கிக் கைகளைத் துடைத்து, சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள். என்ன வேலை என்று நாச்சிமுத்து கேட்டார். சோற்றுக் கையோடு அவள் கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தாள்.

"வேலை இருந்துச்சுங்கப்பா," என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு நினைவிருந்தது.

மறுநாள் அறுபது பேர் போனார்கள், அடுத்த வாரம் அறுநூறு பேர், ஆட்கள் போகப் போகச் சங்கு ஊதும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. பன்னிரண்டரை வரை ஊதியது பதினொன்று வரை ஊதி, பத்து வரை ஊதி, ஒன்பது வரை ஊதி, நாலாவது மாதம் ஒருநாள், கடைசியாக ஒரு தாடிக்காரர் செருப்பை உதறிக்கொண்டே ஓடி உள்ளே நுழைந்ததும், எட்டு அடித்து ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு கம்பங்களைத் தாண்டிப் போனவர்களுக்கு முள்ளும் கல்லும் ஆடுகளும்தான் தென்பட்டன. கரட்டுமேடு கேட்ட ஆள் முழுவதும் வந்துவிட்டார்கள் என்று ஊர் புரிந்துகொண்டது. யாருக்காவது உடம்பு சரியில்லாமல் வீட்டில் படுத்துக்கொண்டால் அன்றைக்குச் சங்கு நிற்காது. ஊரே காதைப் பொத்திக்கொண்டு, எவன்டா வராதவன் என்று திட்டும். பக்கத்து வீட்டுக்காரரோ மச்சானோ அவருக்குப் பதில் உள்ளே போய் நின்ற பிறகுதான் அடங்கும்.

சம்பளம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வேடம்பாளையத்தில் பட்டறைக்கோ தறிக்கோ புதிதாகப் போகிறவர்கள் முதல் சில மாதம் சம்பளம் கேட்கும் வழக்கம் இல்லை. பழகுகிறான் என்பார்கள். பழகும்போது கேட்பது மரியாதை இல்லை. கை பழகியதும் முதலாளியே கூப்பிட்டுக் கொடுப்பார். ஊரில் இன்றைக்குப் பட்டறை வைத்திருப்பவர்கள் எல்லோரும் அப்படிப் பழகியவர்கள்தான். ஆகவே எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது பேரும் பழகினார்கள். ஆறு மாதம் ஆனதும், பெரிய கம்பெனி அல்லவா, ஒரு வருடமாவது பழக வேண்டியிருக்கும் என்றார்கள். ஒரு வருடமும் ஆனதும், தனக்கு இன்னும் வேலையில் சுத்தம் வரவில்லை போலிருக்கிறது என்று ஒவ்வொருவரும் அவரவர் கையைத்தான் சந்தேகப்பட்டார்கள். பக்கத்தில் வருகிறவனுக்கு வந்திருக்கும் என்று நினைத்து அவனிடம் கேட்கவும் கூச்சப்பட்டார்கள். வீடுகளில் தையல் மெஷின்களும் மாடுகளும் ஓய்வூதியங்களும் அடுப்பை எரித்துக்கொண்டிருந்தன.

மற்றதெல்லாம் ஒரு கம்பெனி வந்த ஊரில் என்ன நடக்குமோ அப்படியே நடந்தது. நாச்சிமுத்துவின் பஸ் நிறுத்தத்துக்குக் கம்பெனி கேட் என்று பெயர் வந்தது. நாலு டீக்கடை, ஒரு சைக்கிள் ஸ்டாண்டு, ஒரு பிள்ளையார் கோயில் வந்தன. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுத் தூக்குகளைக் கொண்டுவந்து கருவேல மரங்களில் மாட்டிவிட்டுப் போவார்கள். ஒரு மணிக்கு வந்து பார்த்தால் தூக்குகள் காலியாகி, கழுவிக் கவிழ்த்திருக்கும். மாப்பிள்ளை கம்பெனியில் இருக்கிறார் என்று சொல்லிப் பெண் கேட்டார்கள், கொடுத்தார்கள். ஆயுத பூஜையன்று பொட்டு வைக்க இயந்திரம் எதுவும் கண்ணில் படாததால், இரண்டு கம்பங்களுக்கும் சந்தனம் பூசிவிட்டு, மிச்சத்தை ஒருவர் உள்ளங்கையில் ஒருவர் பூசி, அதன்மேல் குங்குமம் வைத்துக்கொண்டார்கள். அவ்வளவு பேர் கைகளை விரித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த நாச்சிமுத்து அந்தக் கூட்டத்தில் பிரதீபாவைத் தேடிக் கண்டுபிடித்தார். அவர் மகளின் கைகள் இருபத்திரண்டு வயதுக் கைகளாக இல்லை. விரல் முட்டிகள் புடைத்திருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வேலை இல்லாத நாளில் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது.

இரண்டாம் வருடம், மோட்டார் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலைக்காரர்கள் நிஜமாகவே இடம் தேடி வேடம்பாளையத்துக்கு வந்தார்கள். ஆயிரம் பேருக்கு வேலை என்றார்கள். துணை இயக்குநர் அட்டவணை பதினான்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, கரட்டுமேட்டில் இடம் இல்லை, அது முழுவதும் நிரம்பி இயங்கிக்கொண்டிருக்கிறது என்று வருத்தத்தோடு சொன்னார். அவர்கள் காபி குடித்துவிட்டு வேறு மாவட்டத்துக்குப் போனார்கள். அந்த டம்ளர்களை எடுத்து வைக்கும்போதுதான் மேசைமேல் விரித்திருந்த தாளை ஜெபக்கனி பார்த்தாள். எண் எந்தப் பத்தியில் இருக்கிறது என்பதையும் பார்த்தாள்.

தவறு தன்னுடையது என்று அவள் அன்றைக்கே எழுதிக் கொடுத்தாள். துணை இயக்குநர் கோபக்காரர் இல்லை. அவர் அதை இரண்டு தடவை படித்தார்.

"பிழைன்னா யாருக்காவது நஷ்டம் வரணும்மா. இதுல யாருக்கு நஷ்டம்? ஊரே வேலைக்குப் போகுது. இந்த மண்டலத்திலேயே இலக்கை எட்டினது நாம மட்டும்தான்."

ஆனாலும் அவள் விடாமல் கேட்டதால், விதிப்படி திருத்த அறிவிப்பு வெளியிட ஒப்புக்கொண்டார். கரட்டுமேட்டின் முதல் பத்தி பூஜ்யமாகவும் இரண்டாம் பத்தி எட்டாயிரத்து அறுநூற்று நாற்பதாகவும் மாற்றப்பட இருக்கிறது. அறுபது நாளுக்குள் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம். அந்த அறிவிப்பைக் கம்பெனி கேட்டில் ஒட்டினார்கள். நாச்சிமுத்து பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, அன்று மத்தியானமே நகரமைப்பு அலுவலகத்துக்குப் போய், ஜெபக்கனியின் மேசைக்கு எதிரே காக்கிச் சட்டையோடு நின்றார். பூஜ்யமாக்கிவிட்டால் சங்கு நின்றுவிடுமா என்று கேட்டார். நின்றுவிடும் என்றுதான் நினைக்கிறேன் என்றாள் அவள். நின்றுவிட்டால் என் மகள் வீட்டுக்கு வந்துவிடுவாளா என்று கேட்டார். அதற்கும் அவள் அப்படித்தான் சொன்னாள். அவர் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, திருத்தத்தை ஆதரிக்கிறேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அறுபதாம் நாள் சாயங்காலம் ஐந்தரைக்கு, மாநகராட்சி மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. மண்டபத்தில் நானூறு பேர்தான் உட்காரலாம். மற்றவர்கள் தெருவில், மதில்மேல், எதிர்ப்பக்கத்துப் பெட்ரோல் பங்க் வரைக்கும் நின்றார்கள். எல்லோரும் கம்பெனியிலிருந்து நேராக வந்திருந்ததால் மண்டபம் முழுவதும் மெஷின் எண்ணெய் வாசம் அடித்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரே மாதிரி டைப் அடித்த தாள் இருந்தது. எங்கள் வேலையைப் பூஜ்யமாக்காதீர்கள் என்று அதில் இருந்தது.

சங்கு நின்ற அன்றைக்குக் கடைசியாக ஓடி உள்ளே போன தாடிக்காரர் எழுந்தார். அவர் பெயர் வெள்ளியங்கிரி. "ஏனுங்க சார், நான் சும்மா இருந்தப்ப என்ற சம்சாரம் சோறு போடறதே ஒரு தினுசா இருக்கும். தட்டு கீழ வர்ற சத்தத்துலயே தெரிஞ்சுக்கலாம். இப்ப குழம்புல கறியத் தேடிப் புடிச்சுப் போடறா. அதக் கெடுக்கறதுக்கு ஒரு மீட்டிங்குங்களா?"

மண்டபம் சிரித்தது. ஜெபக்கனி ஒலிபெருக்கியை வாங்கி, அது தன் தவறு என்றும், எண்ணைப் பத்தி மாற்றி எழுதிவிட்டதாகவும், அங்கே கம்பெனி எதுவும் இல்லை என்றும், அந்த எண் அங்கே இருக்கும் வரைக்கும் எந்தக் கம்பெனியும் அங்கே வர முடியாது என்றும், நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். பிறகு பெண்கள் வரிசையிலிருந்து பிரதீபா எழுந்து முன்னால் வந்து, மேசைமேல் தன் இரண்டு கைகளையும் மல்லாத்தி வைத்தாள்.

"இதப் பாருங்க மேடம். இது சும்மா இருந்த கையா?"

ஜெபக்கனி பார்த்தாள். காய்ப்புகள் இருந்தன, கிரீஸ் ஏறிய ரேகைகள் இருந்தன, கட்டை விரலில் ஆறிய வெட்டு ஒன்று இருந்தது. அது சும்மா இருந்த கை என்று அவளால் சொல்ல முடியவில்லை. கடைசி வரிசையில் நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். எட்டாயிரத்து அறுநூற்று நாற்பது எதிர்ப்பு, ஓர் ஆதரவு என்று எழுதி, திருத்தம் கைவிடப்பட்டதாகத் துணை இயக்குநர் முடித்துவைத்தார்.

மண்டபம் காலியான பிறகு ஜெபக்கனி நாச்சிமுத்துவிடம் இன்னும் ஒரு வழி இருக்கிறது என்றாள். உள்ளே வேலைக்குப் போகிற ஒருவர், அங்கே எதுவும் இல்லை என்று கைப்பட எழுதிக் கொடுத்தால், அதை வைத்துக் கள ஆய்வு கேட்கலாம். கள ஆய்வுக்குப் பொதுமக்கள் ஆட்சேபணை சொல்ல விதியில் இடம் கிடையாது. அவளே ஒருநாள் கம்பங்களுக்கு நடுவே போய்ப் பார்த்துவிட்டாள். ஆள் நிரம்பிய பிறகு போனதால் ஆடுகள்தான் இருந்தன, ஆடுகள் இருந்தன என்று எழுதினால் அலுவலகத்தில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எண்ணில் ஒருவராக உள்ளே போக வேண்டும், போய்விட்டு வந்து மறக்காமல் சொல்ல வேண்டும். எத்தனை பேரைக் கேட்டும் யாரும் சம்மதிக்கவில்லை என்றாள்.

"நான் போறனுங்க," என்றார் நாச்சிமுத்து. "முப்பது வருசம் ரோட்டப் பாத்தே பொழச்சவனுங்க. கண்ணுல பட்டது மறக்காது."

அவரிடம் இன்னொரு காரணமும் இருந்தது. மகளுக்குத் தெரியாமல் அவளுடைய சான்றிதழ்களின் நகலைக் கோவையில் ஒரு பம்ப் கம்பெனிக்கு அவர் அனுப்பியிருந்தார். ஃபிட்டர் வேலைக்கு வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நேரில் வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது.

வியாழக்கிழமை காலை, கம்பெனி கேட்டில் பஸ் நின்றதும் சங்கு ஊத ஆரம்பித்தது. மற்றவர்கள் எல்லாம் இறங்கிப் போனார்கள். நாச்சிமுத்து அன்றைக்கு ஓட்டுநர் பக்கத்துக் கதவு வழியாக இறங்கி, சுற்றி வந்து, படிக்கட்டில் நின்ற மகள் கையில் கடிதத்தையும் மடித்த பணத்தையும் கொடுத்து, எதிர்ப்பக்கத்தில் கோவை பஸ் எட்டேகாலுக்கு வரும் என்றார். அவள் கடிதத்தைப் பிரித்துப் படித்து முடிப்பதற்குள் அவர் கம்பங்களைத் தாண்டியிருந்தார். சங்கு நின்றது.

"அப்பா," என்றாள் பிரதீபா. "அது என்ற எடங்கப்பா."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினார். பஸ்ஸில் சாவி தொங்கிக்கொண்டிருந்தது. முதலாளி வேறு ஓட்டுநரைத் தேடிப் பிடித்து அனுப்ப மத்தியானம் ஆயிற்று.

ஐந்து மணிக்கு ஜெபக்கனி அட்டையில் வெள்ளைத்தாள் செருகிக்கொண்டு, பேனாவோடு, கம்பங்களுக்கு வெளியே காத்திருந்தாள். கோவையிலிருந்து திரும்பிய பிரதீபா சற்றுத் தள்ளி, பிள்ளையார் கோயில் ஓரமாக நின்றாள். சின்ன ஊதல் கேட்டது. ஆட்கள் வந்தார்கள், ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேர், முகங்கள் எல்லாம் ஒரே அசதியில் ஒன்றுபோலவே இருந்ததால், காக்கிச் சட்டையைப் பார்த்துத்தான் நாச்சிமுத்துவை அடையாளம் கண்டுபிடிக்க முடிந்தது. சட்டைக்கை முழங்கை வரை சுருட்டியிருந்தது. ஜெபக்கனி குறுக்கே போய் நின்றாள்.

"உள்ளே என்ன இருந்துச்சு, சொல்லுங்க. உடனே சொல்லுங்க."

அவர் நின்றார். சாலையைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். வெகுதூரத்தில் வைத்த ஒன்றை எட்டி எடுக்கிறவர் போல நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எவ்வளவோ நேரம் முயன்றார். கடைசியில் தன் கைகளைத் தூக்கிப் பார்த்தார். விரல் நுனிவரை கறுத்திருந்தன.

"வேலை இருந்துச்சுங்க மேடம்," என்றார். குரலில் அவருக்கே வெட்கம் தெரிந்தது. பிறகு, "பக்கத்துல எங்கயாவது மண்ணெண்ண கெடைக்குங்களா?" என்று கேட்டார்.

ஜெபக்கனி பேனாவை மூடிப் பைக்குள் வைத்தாள்.

பிரதீபாவின் பயணமும் அப்படித்தான் முடிந்திருந்தது. பம்ப் கம்பெனியில் நன்றாகத்தான் பேசினார்கள். பேர் விவரங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தார்கள். நீங்கள் ஏற்கெனவே வேடம்பாளையம் தொழில் மண்டலத்தில் வேலையில் இருப்பதாகக் காட்டுகிறதே, அங்கேயிருந்து ரிலீவிங் லெட்டர் வாங்கிக்கொண்டு வாருங்கள், அடுத்த திங்கள் சேர்ந்துவிடலாம் என்றார்கள். அவள் மறுநாள் போய்க் கம்பங்களின் முன்னால் நின்றாள். கடிதம் கேட்க அங்கே ஜன்னல் இல்லை, மேசை இல்லை, முத்திரை குத்த ஆள் இல்லை. அப்பா அவளுக்கு முன்பாகவே தூக்கோடு உள்ளே போயிருந்தார். அதற்கும் மறுநாள் அவள் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து முன்னால் நின்றபோது, அவர் நாலு மைல் நடந்தே வந்து அவளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"நீ கோவைக்குப் போ கண்ணு," என்றார். "எனக்கு இன்னும் கை பழகோணும்."

திங்கட்கிழமை போயிற்று. இன்னும் எட்டுத் திங்கட்கிழமைகள் போயின. பிரதீபா தினமும் பன்னிரண்டரைக்கு அப்பாவின் தூக்கைக் கொண்டுபோய்க் கருவேல மரத்தில் மாட்டினாள். அக்கம்பக்கத்தில் அவளை வேலையை விட்டவள் என்றார்கள். பெண் பார்க்க வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. உள்ளங்கைக் காய்ப்புகள் ஓரத்திலிருந்து உரிந்து, அடியில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்தது. அவள் அதைச் சொரசொரப்பான எதன்மேலாவது வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒன்பதாவது வாரம், ஒரு மனுவை எழுதி எடுத்துக்கொண்டு நகரமைப்பு அலுவலகத்துக்கு வந்தாள்.

மனு நாலு வரிதான். கரட்டுமேட்டு எண்ணை ஒன்று கூட்டி, எட்டாயிரத்து அறுநூற்று நாற்பத்தொன்று ஆக்கித் தரும்படி கேட்டிருந்தாள்.

ஜெபக்கனி அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். நாளானாலும் வேறு வழி பார்க்கலாம், அந்தப் பம்ப் கம்பெனிக்குத் தானே எழுதுகிறேன், கலெக்டருக்கு எழுதுகிறேன் என்று வரிசையாகச் சொன்னாள். சொல்லும்போதே எதற்கும் எங்கேயிருந்து என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது; எதிரில் இருந்தவளுக்கும் தெரிந்திருந்தது.

"அது வேலை இல்லன்னு உனக்கே தெரியும்லா," என்றாள் கடைசியில்.

"தெரியுங்க மேடம்," என்றாள் பிரதீபா. "ஆனா அங்க போனா சாயங்காலம் அசதி வருது. இங்க அதுவும் இல்லீங்க."

ஜெபக்கனி மனுவை எடுத்துக்கொண்டு துணை இயக்குநரிடம் போனாள். அவர் மகிழ்ந்துபோனார். எண்ணைக் குறைப்பதற்குத்தான் அறிவிப்பும் அறுபது நாளும் கூட்டமும் வேண்டும், கூட்டுவதற்கு ஒன்றும் வேண்டாம், அதற்குப் பெயர் வளர்ச்சி, ஒரே ஒரு கையெழுத்து போதும் என்றார். போட்டார். வருடாந்திர அறிக்கையில் கரட்டுமேட்டில் வேலைவாய்ப்பு உயர்ந்திருக்கிறது என்று ஒரு வரி சேர்க்கவும் சொன்னார். இந்தத் தடவையாவது பத்தி மாறாமல் பார்த்துப் போடும்மா என்று சிரித்துக்கொண்டே சொன்னதை அவள் கேட்டுக்கொண்டாள். இருக்கைக்குத் திரும்பி வந்து, அட்டவணை பதினான்கைத் திறந்து, முதல் பத்தியில், கரட்டுமேட்டு எண்ணின் கடைசியில் இருந்த பூஜ்யத்தை அடித்துவிட்டு ஒன்று என்று போட்டாள். மேசைக்கு அந்தப் பக்கம் பிரதீபா எழுந்து நின்று எட்டிப் பார்த்துவிட்டு, கைகூப்பிக் கும்பிட்டாள்.

மறுநாள் காலை ஜெபக்கனி வழக்கத்துக்கு முன்பே அலுவலகத்துக்கு வந்து, கிழக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எட்டு மணிக்குச் சங்கு ஊதியது. அது நிற்க வேண்டிய நேரத்தில் நிற்கவில்லை. கம்பங்களுக்கு வெளியே யாரோ செருப்பைக் கழற்றி மாட்டும் நேரம், அல்லது தூக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றும் நேரம், கூடுதலாக ஊதி, நின்றது.